மரச்செக்கு போடப் போறோம்: எந்தச் சட்டம் எங்க மறிக்கும்?

சேத்துப்பட்டு மல்லாட்டை – 2024 ஆகஸ்ட் 11

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டைச் சுத்தி ஏழு ஊர் சேர்ந்து ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துறோம். 412 பேர் பங்கு வாங்கியிருக்காங்க, முக்கால்வாசிப் பேர் மானாவாரியில மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுறவங்க. நான் இயக்குநர்கள்ல ஒருத்தி. மூணு வருசமா விதையும் உரமும் மொத்தமா வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்குறோம், அறுவடையில மல்லாட்டையைச் சேர்த்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போறோம். இதுவரைக்கும் அவ்வளவுதான் வேலை.

போன மாசம் பொதுக்குழுவுல ஒரு பெரியவர் எழுந்து, "நம்ம கொட்டையை வெளியூர்க்காரன் வாங்கி ஆட்டி, நம்ம ஊர்க் கடையிலேயே பாட்டில்ல விக்கிறான். நம்மால ஏன் முடியலை?"ன்னு கேட்டார். கூடமே கை தட்டுச்சு. அன்னைக்கே தீர்மானம் போட்டாச்சு: ரெண்டு மரச்செக்கு, ஒரு வடிகட்டி, பாட்டில் நிரப்ப ஒரு மேசை.

அதுக்கப்புறம்தான் தலைவலி. ஆலோசகர் ஒருத்தர் பதினோரு அனுமதி, உரிமம்னு பட்டியல் போட்டு, எல்லாம் எடுத்துத் தர 1,40,000 ரூபாய் கேட்கிறார். உணவு உரிமம், ஜி.எஸ்.டி, எடையளவு, ஊராட்சி அனுமதி, நில உபயோக மாற்றம், மின் இணைப்புன்னு போகுது. எங்க குழுவுல பாதிப் பேர் சொல்றது வேற: "நாம விவசாயிங்க. வீட்டுல ஆட்டி விக்கிறவனை யார் கேட்டாங்க? விவசாயிக்கு இதெல்லாம் விலக்கு."

என் கேள்வி ரெண்டு. விவசாயிக்கு இருக்கிற விலக்கு எங்களுக்கும் பொருந்துமா? இந்தப் பதினொண்ணுல வேலையை நிஜமாவே நிறுத்தக்கூடியது எது, போய் விண்ணப்பம் போட்டா வந்துடுறது எது? செக்குக்கு முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்ட பணம் இது. அதுல நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்த அம்மாக்களும் இருக்காங்க.

---

வந்தவாசி ரோடு – ஆகஸ்ட் 11

அக்கா, உணவு உரிமம் ஒண்ணு மட்டும் எடுத்துட்டு ஆரம்பிச்சிடுங்க. எங்க பக்கத்துல அப்படித்தான் எல்லாரும் ஓட்டுறாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் ஆட்டுவேன்னா அடுத்த ஆடியும் வந்துடும். யாராவது வந்து கேட்டா அப்போ எடுத்துக்கலாம்.

---

செக்கடி – ஆகஸ்ட் 12

தங்கச்சி, மேல தம்பி சொன்ன மாதிரிதான் நாங்களும் ஆரம்பிச்சோம். விழுப்புரம் பக்கத்துல ஒரு உற்பத்தியாளர் கம்பெனிக்கு நாலு வருசம் தலைமைச் செயல் அலுவலரா இருந்தேன். மூணு செக்கு ஓட்டுனோம். இப்ப ஒண்ணுதான் ஓடுது. எங்க தப்பு எதுன்னு தெரிஞ்சே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல் கேள்விக்குப் பதில்: பொருந்தாது. இது எனக்குப் புரியவே ரெண்டு வருசம் ஆச்சு. நம்ம சட்டங்கள்ல விவசாயிக்குச் சலுகை நிறைய இருக்கு. பெரும்பாலும் தனியா நிக்கிற விவசாயிக்கு. நாலு பேர் கூடி கம்பெனின்னு ஒரு பேர் வச்ச அன்னைக்கே சட்டத்தோட கண்ணுக்கு நாம வியாபாரி.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல 18-வது பிரிவைப் பாருங்க. விவசாயிக்கும், பண்ணை அளவுல அவர் விளைவிச்ச பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு இருக்கு. நல்ல விலக்கு. ஆனா உங்க உறுப்பினர் மூட்டையை உங்க குடோன்ல இறக்கி ரசீது வாங்கிட்டாருன்னா அந்த மல்லாட்டை விவசாயி கையை விட்டுப் போயிடுச்சு. ஜி.எஸ்.டி சட்டத்துல விவசாயின்னா யாருன்னு விளக்கமே எழுதியிருக்காங்க: தனிநபர், இல்லேன்னா இந்துக் கூட்டுக் குடும்பம். 412 விவசாயி சேர்ந்த கம்பெனிக்கு அதுல இடம் இல்ல. விற்பனைக்கூடத்துல 1 சதவீதம் சந்தைக் கட்டணம் இருக்கே, அதை விவசாயி கட்ட வேண்டாம், வாங்குறவர் கட்டணும். உங்க உறுப்பினர் மூட்டையை உங்க கம்பெனியே அங்க ஏலத்துல எடுத்தா, கட்டுறது நீங்கதான்.

இதுல என்னை ரொம்ப நோகடிச்சது இருப்பு வரம்பு. 2022 பிப்ரவரியில எண்ணெய் விலை ஏறுதுன்னு மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு. எண்ணெய் வித்து மொத்த வியாபாரிக்கு 2,000 குவிண்டால், சில்லறைக்கு 100 குவிண்டால், ஆட்டுறவங்களுக்கு அவங்க திறன்ல 90 நாளைக்கு ஆகிற சரக்கு. எங்க மூணு செக்கும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 கிலோ பருப்பு ஆட்டும். 90 நாளைக்கு 13,500 கிலோ. 80 கிலோ மூட்டைக் கணக்குல 168 மூட்டை. எங்க குடோன்ல இருந்தது 240. வருசத்துக்கு ஒரு அறுவடை, அடுத்த அறுவடை வரைக்கும் ஆட்டணும்னுதானே வாங்கி வச்சோம்? பதுக்க இல்லையே. இணையத்துல இருப்பைப் பதிஞ்சுட்டு, முப்பது நாள்ல வரம்புக்குள்ள கொண்டு வரணும்னு சொன்னாங்க. 72 மூட்டையை வந்த விலைக்குத் தள்ளி விட்டோம். அந்த 72 மூட்டை உறுப்பினர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்திருந்தா ஒரு சட்டமும் கேட்டிருக்காது. அதே மூட்டை, அதே ஆளுங்க.

அதனால வாங்குற முறையை மாத்துங்க. எல்லாத்தையும் அறுவடையிலேயே கம்பெனி பேர்ல எடுக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஆகிறதை மட்டும் எடுத்துட்டு, மீதியை உறுப்பினர் வீட்டுலயே வச்சு, மாசா மாசம் அன்னைய விலைக்கு வாங்குறோம்னு எழுதி வச்சுக்குங்க. இப்படிப்பட்ட உத்தரவு எப்ப வேணா திரும்ப வரும்.

ரெண்டாவது கேள்வி. உணவு உரிமம் உங்களை நிறுத்தாது, எளிசு. 2024 நிலவரப்படி, வருசத்துக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனைக்குள்ள இருந்தா வெறும் பதிவு, நூறு ரூபாய். ரெண்டு செக்கு முழுசா ஓடினா அதைத் தாண்டிடுவீங்க. அப்ப மாநில உரிமம், நாளுக்கு ஒரு டன்னுக்குக் கீழேன்னா வருசம் 3,000. தண்ணி பரிசோதனை அறிக்கை, இடத்தோட வரைபடம், இயந்திரப் பட்டியல், இடம் உங்க கையில இருக்குங்கிற பத்திரம். பிளஸ் டூ படிச்ச பிள்ளை ஒண்ணு உட்கார்ந்தா நாலு நாள்ல போட்டுடலாம். இதுக்கு ஆலோசகர் எதுக்கு?

உரிமம் எடுக்கிறது சுலபம். எடுத்த அப்புறம்தான் கவனமா இருக்கணும். எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன்.

ஒரு கார்த்திகை மாசம், விடாத மழை. குடோன்ல மூட்டையைச் சிமெண்டுத் தரை மேல அப்படியே அடுக்கியிருந்தோம், அடியில பலகை இல்ல. அடி வரிசை மூட்டையில ஈரம் ஏறிடுச்சு. பருப்பைக் கையில அள்ளினா லேசா ஒட்டும். "வெயில் வந்தா சரியாகிடும்"னு ஆட்டிட்டோம். எண்ணெயில ஒரு காறல் வாடை. நான் மோந்து பார்த்தேன், எனக்குத் தெரிஞ்சுது. ஆனா ஒரு பள்ளிக்கூட விடுதிக்கு ஒப்புக்கொண்ட தேதி அது.

மூணு வாரம் கழிச்சு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். அதே தொகுதியில (அந்தத் தடவை ஆட்டின சரக்குல) நாலு பாட்டிலை எடுத்து, காசு கொடுத்து ரசீது வாங்கினார். பாட்டிலைக் காகிதத்துல சுத்தி, சணல் கட்டி, மெழுகுவத்தியில அரக்கை உருக்கி முத்திரை வச்சார். சாட்சிக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். "நாலாவது பாட்டிலை நீங்க கேட்டா அங்கீகாரம் உள்ள தனி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், வேணுமா?"ன்னு ரொம்ப மரியாதையாதான் கேட்டார். செலவு நம்ம தலையிலன்னு தெரிஞ்சதும் வேண்டாம்னுட்டேன்.

எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற அமில மதிப்பு 6-க்கு மேல போகக் கூடாது. எங்களுது 6.9. தரம் குறைந்ததுன்னு அறிக்கை. முப்பது நாள்ல மேல்முறையீடு பண்ணலாம். அந்தக் கடிதம் எங்க கைக்கு வந்தப்போ நாப்பது நாள் தாண்டிடுச்சு. ஏன்னா உரிமத்துல இருந்த முகவரி, வேலையை விட்டுப் போன பழைய அலுவலர் வீட்டு முகவரி. நாங்க மாத்தவே இல்ல. தரம் குறைந்ததுக்கு அபராதம் 5 லட்சம் வரைக்கும் போடலாம். எங்க கணக்கெல்லாம் பார்த்து 35,000 போட்டாங்க. பணம் கட்டிடலாம் தங்கச்சி. ஆனா விடுதி ஆர்டர் போனது போனதுதான். மறுநாள் பொதுக்குழு. முன்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "எங்க எண்ணெய் கெட்ட எண்ணெயா சார்?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை.

அது சட்டத்தோட தடை இல்ல. நாங்க பலகை போடாத தடை.

நிஜமா நிறுத்துறது ரெண்டு: இடம், மின்சாரம். உங்களுக்கு இடம் எங்க, என்ன வகை நிலம், மின் இணைப்பு யார் பேர்லன்னு சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் மீதி.

---

பேரேடு – ஆகஸ்ட் 12

செக்கடி அண்ணன் சொன்னதோடு கணக்குப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன். பதினைந்து உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவற்றில் நின்றுபோனவை உரிமம் கிடைக்காமல் நின்றவை அல்ல. ஆண்டுப் படிவங்களைத் தாக்கல் செய்யாமல் நின்றவை.

கம்பெனிப் பதிவாளருக்கு நிதிநிலை அறிக்கை ஒரு படிவம், ஆண்டறிக்கை இன்னொரு படிவம். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவத்தையும் ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள். நாலைந்து லட்சம் பங்கு மூலதனம் உள்ள நிறுவனத்துக்கும், நானூறு கோடி உள்ள நிறுவனத்துக்கும் இந்த நாள் கணக்கு ஒன்றுதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இருக்கிறது, எனவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே கட்டாயம். புதுச்சேரி வேறு மாநிலக் கணக்கு! திண்டிவனம் தாண்டிப் போய் ஒரு கடையில் இருபது பாட்டில் இறக்கினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். உங்கள் ஊரிலிருந்து நினைத்தால் புதுச்சேரியும் பெங்களூருவும் நல்ல சந்தைகள், அதனால் பதிவு செய்துவிடுவதே நல்லது. எண்ணெய்க்கு 5 சதவீதம்.

வருமான வரி. உறுப்பினர் விளைபொருளைப் பதப்படுத்தி விற்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு, 100 கோடிக்குக் குறைவான விற்பனை என்றால், அந்த லாபத்துக்கு முழு விலக்கு 2018 பட்ஜெட்டில் வந்தது. அது 2024-25 மதிப்பீட்டு ஆண்டோடு முடிகிறது. அதாவது கடந்த மார்ச் வரைக்குமான லாபத்துக்குத்தான். நீங்கள் இனிமேல் ஆட்டி வரும் லாபத்துக்கு அது கிடைக்காது. கூட்டுறவுச் சங்கத்துக்கு இருக்கும் உறுப்பினர் விளைபொருள் விற்பனைக்கான விலக்குக்கு முடிவுத் தேதி எதுவும் இல்லை. கம்பெனியாக இருப்பதால்தான் இந்த வேறுபாடு. திட்ட அறிக்கையில் வரியைப் பூஜ்யம் என்று போட்டிருந்தால் அடித்துவிட்டு எழுதுங்கள்.

எடையளவு. பொட்டலம் கட்டுபவராகப் பதிய வேண்டும், 500 ரூபாய். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பலரும் வேறு எங்கெங்கோ போய்க் கேட்டு அலைகிறார்கள், அதனால் சொல்கிறேன். லேபிளில் ஒரு லிட்டர் என்று போட்டால் கூடவே எடையும் வர வேண்டும், கடலை எண்ணெய்க்குச் சுமார் 910 கிராம். வெப்பநிலை எழுதும் பழைய வழக்கத்தை 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

லேபிளில் இன்னொன்று. "கொலஸ்ட்ரால் இல்லை", "இதயத்துக்கு இதம்" என்றெல்லாம் எழுதித் தருவதாக அச்சகத்தில் சொல்வார்கள். எண்ணெய் லேபிளில் அப்படிப்பட்ட சொற்களுக்குத் தடை இருக்கிறது. ஊர்ப் பெயரையும் செக்கு என்பதையும் போடுங்கள், போதும்.

---

சேத்துப்பட்டு மல்லாட்டை – ஆகஸ்ட் 13

செக்கடி அண்ணா, பேரேடு சார், ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரி இதை அப்படியே இயக்குநர் குழுவுல வாசிச்சுக் காட்டினேன். இருப்பு வரம்புக் கதையைக் கேட்டு ரொம்ப நேரம் யாரும் பேசலை.

இடம் பத்திக் கேட்டீங்க. எங்க தலைவர் தன்னோட புஞ்சையில இருபது சென்ட் இலவசமா தர்றேன்னு சொல்லியிருக்கார். தார் ரோட்டுக்குப் பக்கம், கிணறு இருக்கு, பம்புசெட் இணைப்பு இருக்கு, அதுல மும்முனை வருது. "அதுலயே செக்கு மோட்டாரை மாட்டிக்கலாம், கரண்ட் செலவு மிச்சம்"ங்கிறார். அந்த நிலத்தையே அடமானம் வச்சு வங்கியில 15 லட்சம் கேட்கலாம்னு யோசனை. மனசார தர்றவர், அதனால வேண்டாம்னு சொல்ல யாருக்கும் வாய் வரலை. இது சரியா வருமா?

---

செக்கடி – ஆகஸ்ட் 13

வேண்டாம் தங்கச்சி. உங்க தலைவர்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க, கால்ல விழுந்து கேட்டுக்கிறேன்.

பம்புசெட்டுக்குத் தர்ற மின்சாரம் தண்ணி இறைக்க மட்டும்தான். அதுல செக்கு ஓடினா மின்சாரச் சட்டம் 2003, 126-வது பிரிவு: அனுமதி இல்லாத பயன்பாடு. எப்ப இருந்து ஓடுதுன்னு தெரியலைன்னா பன்னிரண்டு மாசத்துக்குக் கணக்குப் போடுவாங்க, அதுவும் அந்த வகைக் கட்டணத்துக்கு ரெண்டு மடங்கு. மேல்முறையீடு போகணும்னா பாதித் தொகையை முதல்ல கட்டணும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குழு இதுல மாட்டிச்சு. செக்கு ஆட்டி வந்த லாபத்தைவிட அந்த ரசீதுல இருந்த தொகை பெருசு. அதோட நிலத்துக்காரர் பேர்ல இருந்த இணைப்புக்கே ஆபத்து வந்துடுச்சு. மனசார கொடுத்த மனுசனோட பயிருக்குத் தண்ணி நின்னா, ஊர்ல கம்பெனி முகத்துல முழிக்க முடியுமா?

அடமானம் பத்தி. வங்கிகள் கடனை வசூலிக்கிற 2002 சர்ஃபாசி சட்டத்துல, விவசாய நிலத்து மேல வச்ச அடமானத்தை அந்தச் சட்டத்து வழியா எடுக்க முடியாதுன்னு 31-வது பிரிவு சொல்லுது. விவசாயி நிலத்தைக் காப்பாத்த வச்ச பிரிவு, ரொம்ப நியாயமானது. ஆனா அதே காரணத்தால, புஞ்சைப் பத்திரத்தோட போய் ஆலைக்குக் கடன் கேட்டா மேலாளர் முகம் மாறிடும். எங்களை ஒரு கிளையில மூணு மாசம் இழுத்தடிச்சு, கடைசியில "நில உபயோகம் மாத்திட்டு வாங்க"ன்னாங்க. மாத்தப் போனா வேளாண்மைத் துறைத் தடையின்மைச் சான்று, வருவாய்த் துறை, நகர் ஊரமைப்புன்னு மேசை மேசையா சுத்தணும். எங்களுக்குப் பதினாலு மாசம். பதினொண்ணுல நிறுத்தறது எதுன்னு கேட்டீங்களே, இதுதான். அதுக்குள்ள செக்கு வந்து சாக்கு மூடிக் கிடந்துச்சு, உலக்கை மரம் வெடிச்சுப் போச்சு.

அதனால நிலத்துல கட்டாதீங்க. டவுன்ல ஏற்கெனவே கடையோ ஆலையோ நடந்த கட்டடமா, நத்தம் (ஊர்க் குடியிருப்பு) இடத்துல பாருங்க. மூடிக் கிடக்கிற மாவு மில், அரிசி மில் உங்க பக்கம் இல்லாம இருக்காது. அஞ்சு வருசக் குத்தகை, பதிவு செஞ்ச பத்திரம். ரெண்டு செக்குக்கு அஞ்சு அஞ்சு குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் 12 கிலோவாட்டுக்குள்ள அடங்கும். குறு நிறுவனத்துக்கான மின் கட்டண வகையில வந்துடும், அதுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்து வச்சுக்குங்க. இயந்திரம் நிறுவ உள்ளாட்சி அனுமதி. கடனுக்கு மத்திய அரசோட வேளாண் கட்டமைப்பு நிதியில, 2024 நிலவரப்படி, 2 கோடி வரைக்கும் வட்டியில 3 சதவீதம் தள்ளுபடி இருக்கு, கேளுங்க. வரிசை முக்கியம்: முதல்ல இடம், அப்புறம் மின்சாரம், அப்புறம் உரிமம். செக்கு கடைசி. எல்லாரும் தலைகீழா போறோம், செக்கைப் பார்த்தாத்தான் உறுப்பினருக்கு நம்பிக்கை வருதுன்னு.

இன்னொண்ணும் சொல்லணும். நாம கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பங்குதாரர் அத்தனை பேரும் விவசாயியா இருக்கிற உற்பத்தியாளர் கம்பெனி, தன் உறுப்பினர் விளைச்சலைக் கையாளுற வரைக்கும் சட்டத்துல விவசாயின்னே எழுதணும். ஜி.எஸ்.டியில, இருப்பு வரம்புல, சந்தைக் கட்டணத்துல, உணவுச் சட்டத்துல, எல்லாத்துலயும். கூடுங்க கூடுங்கன்னு சொல்றதும் அரசுதான், கூடினதும் விலக்கைப் பிடுங்குறதும் அரசுதான். கூட்டம் போடுறப்போ, மனு கொடுக்குறப்போ இதை எழுதுங்க. நான் எழுதிக்கிட்டே இருக்கேன்.

---

ஆய்வக மேசை – ஆகஸ்ட் 14

செக்கடி ஐயா, உங்கள் வரிகள் எல்லாவற்றுக்கும் கைகூப்புகிறேன், கடைசிப் பத்தியில் ஒன்றைத் தவிர. உணவுச் சட்டத்திலும் விலக்கு கேட்காதீர்கள். நான் உணவு ஆய்வகத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மல்லாட்டை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அஃப்ளாடாக்சின்.

ஈரம் ஏறிய பருப்பில் ஒரு பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின், கல்லீரலைக் கெடுக்கும். வாசனையில் தெரியாது, நாக்கிலும் தெரியாது. பதப்படுத்தப் போகும் நிலக்கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு. பெரிய ஆலைகள் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை. அதுதான் அதன் பெருமை, பருப்பு கெட்டிருந்தால் அதுதான் ஆபத்தும். பிண்ணாக்கிலும் தங்கும், அதைத் தின்கிற மாட்டின் பாலிலும் வரும். உங்கள் அடி வரிசை மூட்டைகளை அன்று அமில மதிப்புக்கு மட்டும் சோதித்திருந்தால், உங்களுக்கு வந்தது சின்ன எச்சரிக்கை என்றுதான் சொல்வேன்.

சேத்துப்பட்டு அக்காவுக்கு: தோலோடு காய வைத்து ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை கட்டச் சொல்லுங்கள். கையடக்க ஈரமானி ஒன்று வாங்கி, குடோன் வாசலிலேயே ஒவ்வொரு மூட்டையிலும் குத்திப் பாருங்கள். சுருங்கின பருப்பு, நிறம் மாறின பருப்பு இவற்றைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலைத் தேதி எழுதி நீங்களே எடுத்து வையுங்கள். அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் நாலாவது பங்கைத் தனி ஆய்வகத்துக்கு அனுப்பும்படி தயங்காமல் எழுதிக் கேளுங்கள். அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

எள்ளையும் மல்லாட்டையையும் ஒரே செக்கில் மாற்றி மாற்றி ஆட்டாதீர்கள். உரலில் தங்கிய நல்லெண்ணெய் அடுத்த ஆட்டத்தில் கலக்கும், சோதனையில் அது கலப்படமாகத்தான் தெரியும். இரண்டு செக்கு என்றால் ஒன்று எள்ளுக்கு, ஒன்று மல்லாட்டைக்கு.

---

செக்கடி – ஆகஸ்ட் 14

அம்மா, நீங்க சொன்னது சரி. உணவுச் சட்டத்தை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன். அன்னைக்கு வாடை தெரிஞ்சும் ஆட்டினவன் நான், அதுல விலக்கு கேட்க எனக்கு வாய் இல்ல. மனுவையும் மாத்தி எழுதிடுறேன். ஆனா இருப்பு வரம்பும் ஜி.எஸ்.டி விளக்கமும் விட மாட்டேன்.

அந்தப் பொறுக்குற வேலை பத்திச் சொன்னீங்களே, அதுக்கு எவ்வளவு கூலி ஆகும்னு கணக்குல யாரும் சேர்க்கிறதில்ல. எங்க செலவுல 80 கிலோ மூட்டைக்கு அரை ஆள் கூலி. தங்கச்சி, திட்ட அறிக்கையில அதையும் போடுங்க.

---

சேத்துப்பட்டு மல்லாட்டை – ஆகஸ்ட் 19

தலைவர் வீட்டுக்கு நானும் இன்னொரு இயக்குநரும் நேர்ல போய்ப் பேசினோம். முதல்ல வருத்தப்பட்டார். 126-வது பிரிவைப் படிச்சுக் காட்டினதும், "என் கிணத்துக்கே கரண்ட் போயிடுமா?"ன்னு கேட்டுட்டு, அவரே வேண்டாம்னுட்டார். அவர் மூலமாவே இடமும் கிடைச்சிருக்கு. டவுன்ல அவர் மச்சானுக்குத் தெரிஞ்ச அரிசி மில் ஒண்ணு ஆறு வருசமா மூடிக் கிடக்கு. நத்தம் பட்டா, பழைய ஆலை இணைப்பு துண்டிச்ச நிலையில இருக்கு. கூரை ரெண்டு இடத்துல ஒழுகுது, அதை மாத்தித் தந்தா அஞ்சு வருசக் குத்தகைக்குப் பத்திரம் போடலாம்னு சொல்லியிருக்காங்க. வர்ற திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்குப் போறேன்.

ஆலோசகருக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு பி.காம் முடிச்சிட்டு வீட்டுல இருக்கா. உணவு உரிமம், உத்யம், எடையளவு மூணையும் அவளே போடறேன்னு உட்கார்ந்திருக்கா. கம்பெனிப் படிவங்களைப் பதிவாளர் தளத்துல பார்த்தோம். போன வருச ஆண்டறிக்கை போடவே இல்ல, பழைய கணக்காளர் போட்டுட்டதா சொன்னது. இன்னைக்குத் தேதிக்கு எவ்வளவு தாமதக் கட்டணம்னு பேரேடு சார் பார்த்துச் சொல்ல முடியுமா? பொதுக்குழு போன வருசம் செப்டம்பர் 28-ல நடந்துச்சு.

செக்குக்கு முன்பணம் கொடுக்கலை. அந்தப் பணத்துல ஈரமானி ஒண்ணும், குடோனுக்கு அறுபது மரப்பலகையும் சொல்லியிருக்கோம்.